பத்தாம் வகுப்புக்கு வரலாறு நடத்துவது எப்படி: வேலூர் 1806 பாடத்தை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக வேலைக்கு வந்த சமூக அறிவியல் ஆசிரியர்களும் கற்பித்தல் பயிற்சிக்கு வரும் பி.எட். மாணவர்களும் பாடம் நடத்துவதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கிற வாய்ப்பு எனக்கு நிறையவே கிடைத்திருக்கிறது. உழைப்பில் யாரும் குறை வைப்பதில்லை. செய்கிற வரிசையில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். முதல் நாளே புத்தகத்தைத் திறந்து காரணங்கள், நிகழ்வுகள், விளைவுகள் என்று வாசித்து, முக்கியமான வரிகளை அடிக்கோடிடச் சொல்லி, கரும்பலகையில் நோட்ஸ் எழுதிப்போட்டு முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் கையில் விடை வந்துவிடுகிறது, அது எந்தக் கேள்விக்கான விடை என்று மட்டும் அவர்களுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் தேர்வு முடிந்த அடுத்த வாரமே எல்லாம் மறந்துபோகிறது.

அந்த வரிசையைத் திருப்பிப் போடுவதுதான் இங்கே நான் சொல்லும் முறை. முதலில் கேள்வி, அப்புறம் காலமும் இடமும், அப்புறம் சான்றுகள், அதற்குப் பிறகுதான் பாடநூல், கடைசியில் எழுத்து. பொதுவாகச் சொன்னால் காற்றில் போய்விடும் என்பதால், தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும் 1806 வேலூர்ப் புரட்சியை (வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்ததை) எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போகிறேன். முழுசாகச் செய்ய ஐந்து பீரியட் வேண்டும். மூன்றுதான் கிடைக்கும் என்றால் எதைச் சுருக்கலாம் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. முதலில் நீங்கள் படித்து முடியுங்கள்

பாடநூலில் அந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை சும்மா படித்தால் போதும். இரண்டாம் முறை கையில் பென்சிலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பத்தியிலும் "இதை எப்படித் தெரிந்துகொண்டார்கள்?" என்று ஓரத்தில் எழுதுங்கள். வேலூர்க் கோட்டையில் அதிகாலை 2 மணிக்குத் துப்பாக்கிச் சத்தம் கேட்டது என்றால் அதை யார் சொன்னது? உயிர் தப்பிய ஆங்கிலேயர்கள் எழுதிய குறிப்புகளும் பிறகு நடந்த விசாரணைப் பதிவுகளும்தான். இதைச் செய்யாமல் வகுப்புக்குப் போனால், பிள்ளைகள் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே திணற வேண்டி வரும்.

இந்தப் பாடத்தில் எல்லா வருடமும் வருகிற கேள்வி ஒன்று உண்டு: "ஆங்கிலேயர் எதிரி என்றால் நம் ஆட்கள் ஏன் அவர்கள் படையில் சேர்ந்தார்கள்?" அருமையான கேள்வி. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பெரும்பான்மை இந்தியர்கள்தான் என்பதையும், மாதாமாதம் சம்பளம் வருகிற வேலை அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்துக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதையும் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். "அது பாடத்தில் இல்லை, உட்கார்" என்று சொல்லிவிட்டால் அன்றோடு கேள்விகள் நின்றுவிடும்.

2. ஒரே ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள்

பாடம் முழுவதையும் தாங்குகிற மாதிரி ஒரு கேள்வி வேண்டும். "வேலூர்ப் புரட்சியின் காரணங்கள் யாவை?" என்பது அதற்கு உதவாது. பட்டியலைப் பார்த்து எழுதிவிட்டால் முடிந்துவிடும். நான் பரிந்துரைப்பது இது: "1806 ஜூலை 10 அன்று வேலூரில் சிப்பாய்கள் எழுந்ததற்குத் தலைப்பாகை மட்டும்தான் காரணமா?"

இது ஏன் வேலை செய்கிறது? இதற்கு "ஆமாம்" என்றும் வாதாடலாம், "இல்லை" என்றும் வாதாடலாம், இரண்டுக்கும் சான்று தேட வேண்டியிருக்கும். சிப்பாய்கள் அணிய வேண்டும் என்று கம்பெனி உத்தரவிட்ட புதிய தலைப்பாகை பிள்ளைகள் கண்ணால் காணக்கூடிய பொருள், அதைப் பற்றிப் பேசத் தயங்க மாட்டார்கள். அப்புறம், "மட்டும்தானா" என்று கேட்கும்போது காரணங்களை ஒன்றோடொன்று எடைபோட்டுப் பார்க்கிற வேலையும் தானாகத் தொடங்கிவிடுகிறது.

கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிக் கட்டம் போட்டு, பாடம் முடியும்வரை அழிக்காமல் வையுங்கள். அடுத்த பீரியட் கணக்கு ஆசிரியர் அழித்துவிடுவார் என்றால் சார்ட் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இங்கே புதியவர்கள் செய்கிற தவறு, ஆர்வத்தில் மூன்று நான்கு கேள்விகளை வைத்துக்கொள்வது. இரண்டாம் நாள் எதைத் தேடுகிறோம் என்று பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நமக்கே குழம்பிப்போகும்.

3. சான்று அட்டைகளைத் தயார் செய்யுங்கள்

ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஆறேழு வரிக்கு மிகாமல், பெரிய எழுத்தில், எளிய தமிழில் எழுதுங்கள். ஆறு அட்டை போதும். குழுவுக்கு ஒரு செட் என்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகல் எடுக்க வசதியில்லை என்றால் ஒரே செட்டைச் சுவரில் ஆறு இடத்தில் ஒட்டி, பிள்ளைகளை நடந்துபோய்ப் படிக்கச் சொல்லலாம், அதுவும் நன்றாகவே நடக்கும்.

முதல் அட்டை உத்தரவு. சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில், 1805 நவம்பரில் தொடங்கி வந்த புதிய விதிகள்: சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவில் வைக்க வேண்டும். அத்தோடு தோல் சேர்த்துச் செய்த புதிய வகைத் தலைப்பாகை.

இரண்டாவது அட்டை தண்டனை. 1806 மே மாதம் வேலூரில் இருந்த ஒரு பட்டாலியன் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தது. மறுத்தவர்களை விசாரித்து, ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 900 கசையடி விதித்தார்கள். மன்னிப்புக் கேட்ட மற்றவர்களை விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது அட்டை கோட்டைக்குள் யார் இருந்தார்கள் என்பது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் இறந்த பிறகு, அவருடைய மகன்களையும் குடும்பத்தாரையும் வேலூர்க் கோட்டையில்தான் காவலில் வைத்திருந்தார்கள். எழுச்சிக்கு முந்தின நாள் திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். எழுச்சியின்போது கோட்டையில் மைசூரின் புலிக்கொடி ஏறியது, திப்புவின் மகன் பதே ஹைதரை மன்னர் என்று அறிவித்தார்கள்.

நான்காவது அட்டை முன்னெச்சரிக்கை. முஸ்தபா பெக் என்ற சிப்பாய் இப்படி ஒரு திட்டம் நடக்கிறது என்று முன்பே தன் ஆங்கிலேய அதிகாரியிடம் சொன்னார். புத்தி சரியில்லாதவர் என்று சொல்லி அவரை அடைத்துவைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவருக்கே பரிசும் ஓய்வூதியமும் கொடுத்தார்கள்.

ஐந்தாவது, நேரில் கண்ட ஒருவரின் சாட்சியம். கோட்டைத் தளபதி கர்னல் பேன்கோர்ட் அன்றிரவு கொல்லப்பட்டார். அவருடைய மனைவி இரண்டு குழந்தைகளோடு ஒளிந்திருந்து உயிர் தப்பினார், அன்றிரவு நடந்ததைப் பிறகு எழுதியும் வைத்தார். அதன் சாரத்தை உங்கள் வார்த்தையில் எழுதி, "இது சுருக்கம், அவர் எழுதிய சொற்கள் அல்ல" என்று அட்டையின் அடியில் குறிப்பிடுங்கள். இந்தக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். எது மூலச்சான்று, எது நாம் எழுதியது என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது இந்த மாதிரிச் சின்ன இடங்களில்தான்.

ஆறாவது, அரசு என்ன முடிவுக்கு வந்தது என்பது. விசாரணைக் குழு சொன்ன முக்கியக் காரணங்கள் இரண்டு: உடை விதிகள், திப்பு குடும்பத்தார் கோட்டையில் இருந்தது. புதிய விதிகளை ரத்து செய்தார்கள். திப்பு குடும்பத்தாரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். தளபதி கிரடாக், சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங் இருவரையும் கம்பெனி திரும்ப அழைத்துக்கொண்டது.

அட்டை தயாரிப்பில் வழக்கமான தவறு நீளம். பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தால் வாசிக்கத் தயங்குகிற பிள்ளை முதல் வரியிலேயே விலகிவிடும், நன்றாக வாசிக்கிற ஒருவர் மட்டும் குழுவின் வேலையெல்லாம் செய்வார்.

4. முதல் பீரியட்: கயிறும் வரைபடமும்

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு 1799, 1806, 1857 எல்லாம் "அந்தக் காலம்" என்ற ஒரே குவியல். கட்டபொம்மனும் வேலூர்ச் சிப்பாய்களும் ஒரே நாளில் சண்டை போட்டார்கள் என்று நினைக்கிற பிள்ளைகளை ஒவ்வொரு வகுப்பிலும் பார்க்கலாம். இதைச் சரிசெய்யாமல் மேலே போனால், பின்னால் சொல்கிற எந்தக் காரணமும் அவர்கள் மனதில் இடம் பிடிக்காது, ஏனென்றால் எது முன்னால் நடந்தது என்று தெரியாமல் எது எதற்குக் காரணம் என்று யோசிக்கவே முடியாது.

ஒரு கயிறு எடுங்கள். ஒரு வருடத்துக்கு 10 செ.மீ. என்று அளவு வைத்துக்கொண்டு 1799-இல் தொடங்குங்கள். அந்த வருடத்தில் இரண்டு சீட்டு தொங்கும்: மே மாதம் திப்புவின் மரணம், அக்டோபர் 16 கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது. 20 செ.மீ. தள்ளி 1801, மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட வருடம். 70 செ.மீ. தூரத்தில் வேலூர். 1857 எங்கே வரும் என்று பிள்ளைகளையே கணக்குப் போட்டு நிற்கச் சொல்லுங்கள். 5.8 மீட்டர் தள்ளி, கிட்டத்தட்ட வகுப்பறையின் மறுகோடிக்குப் போய்விடுவார்கள். 1947-க்கு வராந்தாவுக்குப் போக வேண்டியிருக்கும். வேலூருக்கும் 1857-க்கும் நடுவே 51 வருடம் என்று வாயால் சொன்னால் காதில் நிற்காது, நடந்து பார்த்த பிள்ளை மறப்பதில்லை.

அடுத்தது வரைபடம். ஸ்ரீரங்கப்பட்டணம், வேலூர், ஆற்காடு, சென்னை என்ற நான்கு இடம் மட்டும் குறித்தால் போதும். ஆற்காடு வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. என்பதை அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் கதையின் முடிவே அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. இரவு 2 மணிக்குத் தொடங்கியது, செய்தி குதிரையில் ஆற்காட்டுக்குப் போனது, அங்கிருந்து கர்னல் கில்லஸ்பி குதிரைப்படையோடு காலையிலேயே வந்துசேர்ந்து முற்பகலுக்குள் கோட்டையைத் திரும்பப் பிடித்தார். குதிரைப்படை 25-க்குப் பதில் 100 கி.மீ. தள்ளி இருந்திருந்தால் என்று பிள்ளைகள் தாங்களாகவே யோசிப்பார்கள். யோசிக்கட்டும், ஆனால் "அப்படி நடந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள்" என்று முடிவாகச் சொல்லவிடாதீர்கள். நடக்காததற்குச் சான்று கிடையாது.

மூன்று பீரியட் மட்டுமே உள்ளவர்கள்கூட இந்தப் படியைச் சுருக்க வேண்டாம்.

5. கதை சொல்லுங்கள், பாதியில் நிறுத்துங்கள்

கதை சொல்லத் தெரிந்த ஆசிரியருக்கு இதுதான் பெரிய ஆபத்து. வகுப்பே மயங்கிக் கேட்கும், நமக்கும் உற்சாகமாக இருக்கும், மணி அடித்துவிடும், பிள்ளைகள் ஒரு வரிகூட யோசித்திருக்க மாட்டார்கள். அதனால் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜூலை 9 மாலையில் தொடங்குங்கள். அகழி சூழ்ந்த கோட்டை, உள்ளே சுமார் 1,500 இந்தியச் சிப்பாய்கள், சுமார் 370 ஐரோப்பிய வீரர்கள், காவலில் திப்புவின் பிள்ளைகள், அன்றைக்கு ஒரு கல்யாணம். எல்லோரும் தூங்கப் போகிறார்கள். அதிகாலை 2 மணி, முதல் துப்பாக்கிச் சத்தம். அங்கே நிறுத்திவிட்டு, சுவரில் இருக்கும் கேள்வியைக் காட்டுங்கள்.

"அப்புறம் என்ன சார் ஆச்சு?", "சொல்லுங்க டீச்சர்" என்று கேட்பார்கள். சொல்லாதீர்கள். அடுத்த பீரியடில் அட்டையைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிடுங்கள். அந்த ஆவல்தான் மறுநாள் வாசிப்பை நடத்தப்போகிறது.

6. ஒரு சான்றை எல்லோர் முன்னாலும் நீங்களே படித்துக் காட்டுங்கள்

இந்தப் படியைத்தான் கிட்டத்தட்ட எல்லாப் புதியவர்களும் தாண்டிவிடுகிறார்கள். அட்டையைக் கையில் கொடுத்து "படித்துவிட்டு என்ன புரிந்தது என்று சொல்லுங்கள்" என்பார்கள். பிள்ளைகள் அட்டையில் உள்ளதையே திரும்ப ஒப்பிப்பார்கள், இதுவரை பள்ளியில் அவர்கள் பழகியது அதுதானே. சான்றைப் படிப்பது வேறு விதம் என்பதை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "இதை எழுதியது யார்? தளபதியின் மனைவி. சம்பவத்தின்போது எங்கே இருந்தார்? கோட்டைக்குள்ளேயே. அப்படியென்றால் என்ன சத்தம் கேட்டது, எத்தனை மணிக்குக் கேட்டது என்பதில் இவரை ஓரளவு நம்பலாம். ஆனால் சிப்பாய்கள் ஏன் கோபப்பட்டார்கள் என்று இவருக்குத் தெரியுமா? அவர்களோடு பேசியிருப்பாரா? அவர்கள் பேசுகிற மொழி தெரியுமா? கணவரைப் பறிகொடுத்த ஒருவர் எழுதும்போது எதைப் பெரிதாகச் சொல்லியிருப்பார், எதை விட்டிருப்பார்?"

இதைச் செய்துகாட்டும்போது நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்: யார் எழுதியது? எப்போது, யாருக்காக? இவர் நேரில் பார்த்தது எது, கேள்விப்பட்டது எது? இந்தச் சான்றில் யாருடைய குரல் இல்லை? நான்காவது கேள்வி இந்தப் பாடத்துக்கு உயிர். ஆறு அட்டையையும் படித்துவிட்டு, "சார், சிப்பாய்கள் எழுதினது ஒன்றுகூட இல்லையே" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது அந்த வகுப்பு வரலாற்றைத் தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒருபக்கச் சான்று என்றால் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று சில பிள்ளைகள் நேர் எதிர்த் திசைக்கும் போவார்கள். "ஆங்கிலேயர் எழுதியது, அதனால் பொய்" என்பார்கள். அதையும் அங்கேயே திருத்துங்கள். 900 கசையடி விதித்ததை நமக்குச் சொல்வதே ஆங்கிலேயர்களின் சொந்தப் பதிவுதான். எழுதியவர் தனக்குப் பாதகமான ஒன்றை எழுதியிருந்தால் அதற்கு எடை கூடும்.

7. குழு வேலை

நாலு நாலு பேராக உட்கார வையுங்கள். ஆளுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள்: ஒருவர் வாசிக்க, ஒருவர் நான்கு கேள்விகளைக் கேட்க, ஒருவர் எழுத, ஒருவர் வகுப்புக்குச் சொல்ல. வேலை பிரிக்காமல் விட்டால் இரண்டு பேர் செய்வார்கள், இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வாசிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளையிடம் கேள்வி கேட்கிற வேலையைக் கொடுங்கள், பயமில்லாமல் பங்கெடுக்கும்.

ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு முடிவு எழுத வேண்டும்: தலைப்பாகைதான் காரணம் என்பதற்கு இது வலு சேர்க்கிறதா, வேறு காரணத்தைக் காட்டுகிறதா, இரண்டுமா? எழுத ஒரு வரிதான் இடம். "இரண்டும்" என்று எழுதினால் ஏன் என்று கேளுங்கள். இரண்டாவது அட்டையில் பெரும்பாலான குழுக்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், மாட்டிக்கொள்வது நல்லது: அவமானம் தலைப்பாகையிலா, கசையடியிலா?

நீங்கள் குழு குழுவாகச் சுற்றிவரும்போது விடை சொல்லிவிடாதீர்கள். "எந்த வரியைப் பார்த்துச் சொல்கிறாய்?" என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டே போங்கள். இரண்டு பீரியட் ஒதுக்க முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் குழுவுக்கு இரண்டு அட்டை மட்டும் கொடுத்து, மற்றதை அடுத்த குழு சொல்வதிலிருந்து கேட்டுக்கொள்ளச் செய்யலாம்.

8. எண்கள் ஒத்துப்போகாத இடத்தில் நில்லுங்கள்

கில்லஸ்பியின் படை உள்ளே நுழைந்த பிறகு எத்தனை சிப்பாய்கள் இறந்தார்கள்? ஒரு குறிப்பில் சுமார் 350 என்று இருக்கும், இன்னொன்றில் 800 வரை போகும். புதியவர்கள் இதைப் பார்த்துப் பதறிப்போய் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பாடத்தின் மிக நல்ல இடத்தை அப்படி இழந்துவிடாதீர்கள்.

இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதி, "யார் எண்ணியிருப்பார்கள்?" என்று கேளுங்கள். சுவர் ஏறிக் குதித்துத் தப்பியவர்கள், அகழியில் விழுந்தவர்கள், பிறகு பிடிபட்டவர்கள் எல்லோரையும் எந்தக் கணக்கில் சேர்த்திருப்பார்கள்? இறந்த ஆங்கிலேய அதிகாரிகளின் பெயர் பதவியோடு கிடைக்கிறது, சிப்பாய்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயரே கிடைப்பதில்லை. ஏன்? பதினைந்து நிமிடம் இதற்குக் கொடுத்தால் போதும். எண் என்றால் உண்மை என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைகள், எண்ணுக்குப் பின்னால் எண்ணியவர் ஒருவர் இருக்கிறார் என்று புரிந்துகொள்வார்கள். நாளைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற "அதிர்ச்சிப் புள்ளிவிவரம்" எதைப் பார்த்தாலும் இந்தக் கேள்வி அவர்களுக்கு நினைவுக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

தேர்வில் எந்த எண்ணை எழுதுவது என்று கட்டாயம் கேட்பார்கள். பாடநூலில் உள்ளதை எழுதுங்கள் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அதில் மழுப்பினால் பிள்ளைகளுக்குப் பதற்றம்தான் மிச்சம்.

9. இப்போது பாடநூலைத் திறங்கள்

நான்காம் பீரியடில், சான்றுகளெல்லாம் முடிந்த பிறகு திறந்தால், பிள்ளைகள் வாசிக்கிற விதமே மாறியிருக்கும். "நாம் கண்டுபிடித்ததில் எது புத்தகத்தில் இல்லை? புத்தகத்தில் இருப்பதில் எதற்கு நம் அட்டையில் சான்று இல்லை?" என்ற இரண்டு கேள்வியோடு வாசிக்கச் சொல்லுங்கள். குறைந்த ஊதியம், பதவி உயர்வுக்கு வாய்ப்பு குறைவு என்று பாடநூல் சொல்லும் காரணம் அட்டைகளில் வரவில்லை என்பதை அவர்களே பிடித்துவிடுவார்கள். இதற்காகவேதான் அதை அட்டையில் சேர்க்க வேண்டாம் என்று சொல்கிறேன். இப்போது தலைப்பாகைக் கேள்விக்குப் புதிதாக ஒரு பக்கம் திறக்கிறது: வருடக்கணக்காக மனதில் இருந்த குறைகள், அதன்மேல் வந்து விழுந்த ஒரு உத்தரவு.

இங்கே ஒரு சின்ன விஷயம். பெண்டிங் என்ற பெயரை இதே பிள்ளைகள் வேறொரு பாடத்தில் 1829 சதி (உடன்கட்டை ஏறும் வழக்கம்) ஒழிப்போடு படித்திருப்பார்கள். வேலூருக்குப் பிறகு திரும்ப அழைக்கப்பட்ட அதே மனிதர்தான் இருபது வருடம் கழித்துக் கவர்னர் ஜெனரலாக வந்தவர் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு மனிதரை நல்லவர், கெட்டவர் என்று ஒரே வரியில் அடைக்க முடியாது என்பதை அந்த ஒரு தகவலே சொல்லிவிடும்.

10. "எங்க ஆளு" என்று வகுப்பில் பேச்சு வரும்போது

இதைத் தவிர்த்துவிட்டு நம் ஊரில் இந்தக் காலகட்டத்தை நடத்த முடியாது. கட்டபொம்மன், மருது சகோதரர்கள், பூலித்தேவர் என்று எந்தப் பெயரை எடுத்தாலும், தெருவில் ஒட்டிய போஸ்டரிலும் மன்ற விழாவிலும் பார்த்த சாதிப் பெருமையோடுதான் சில பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். வேலூருக்கு வந்தால் அதே மாதிரி மதம் வரும். சினிமா வசனத்தை வரலாறாகச் சொல்கிற பிள்ளைகளும் உண்டு.

அதட்டி அடக்குவதால் பயனில்லை, வெளியே போய் இன்னும் சத்தமாகப் பேசுவார்கள். அதே நேரம், "எல்லோரும் சமம், சண்டை வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்லி நகர்வதும் பயனில்லை. சான்றுக்குத் திரும்புங்கள். கசையடி வாங்கிய இருவர் யார் யார்? ஒரு இந்து, ஒரு முஸ்லிம். உடை விதி எதையெல்லாம் தொட்டது? நெற்றிக் குறியையும் தொட்டது, தாடியையும் தொட்டது. ஆங்கிலேயருக்கு எதிராக மருது வெளியிட்ட 1801 திருச்சி அறிவிப்பை எங்கெங்கே ஒட்டினார்கள்? திருச்சிக் கோட்டையில் நவாப் அரண்மனைச் சுவரில் ஒன்று, ஸ்ரீரங்கம் கோயில் சுவரில் ஒன்று. அந்த அறிவிப்பு எல்லாச் சாதியாரையும் விளித்துத்தான் பேசுகிறது. இந்தத் தகவல்களை அடுக்கி வைத்துவிட்டு, "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டால், நாம் உபதேசம் செய்ய வேண்டிய அவசியமே வராது.

ஒரு விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: இந்த வகுப்பில் வரலாற்றில் வரும் யாரையும் "எங்க ஆளு", "உங்க ஆளு" என்று சொல்லக் கூடாது, பெயரைச் சொல்லித்தான் பேச வேண்டும். ஆசிரியரும் இதே விதிக்குக் கட்டுப்பட வேண்டும். ஒரு குறிப்பிட்ட பெயரை உச்சரிக்கும்போது மட்டும் நம் குரல் மாறினால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

11. எழுத வைப்பது

ஐந்தாம் பீரியட் முழுக்க எழுத்துக்கு. பேசும்போது நன்றாக வாதாடிய பிள்ளை பேனா எடுத்ததும் பாடநூல் வரிகளுக்கே திரும்பிவிடும். அதனால் முதலில் ஒரு சட்டகம் கொடுங்கள்: என் கருத்து இது. இதற்கு நான் பார்த்த சான்று இது. இதற்கு எதிராக ஒருவர் இப்படிச் சொல்லலாம். இருந்தாலும் நான் இப்படி நினைக்கக் காரணம் இது. நாலு வரியில் தொடங்கி, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று வாக்கியமாக விரிக்கச் சொல்லுங்கள்.

திருத்தும்போது "நன்று" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். சான்று இல்லாத வாக்கியத்தின் ஓரத்தில் "எதை வைத்து?" என்று எழுதுங்கள், அதுபோதும். நாற்பது நோட்டு இருந்தாலும் இந்த இரண்டு சொல் எழுத நேரம் ஆகாது, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று பிள்ளைக்கும் தெளிவாகத் தெரியும்.

12. பொதுத்தேர்வு என்ன ஆவது?

தலைமை ஆசிரியரும் பெற்றோரும் கேட்கப்போகிற கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. போர்ஷன் முடிக்காமல் இந்த முறையைத் தாங்கிப் பிடிக்க முடியாது. எனவே எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்யாதீர்கள். ஒரு பருவத்துக்கு இரண்டு பாடத்தைத் தேர்ந்தெடுத்து முழுசாகச் செய்யுங்கள். மற்றவற்றில் கேள்வி, கயிறு, ஒரே ஒரு சான்று என்ற மூன்று மட்டும் போதும்.

காலக்கோடும் வரைபடமும் பத்தாம் வகுப்புத் தேர்வில் வருவதால், கயிற்றில் நடந்ததை நோட்டில் அளவோடு வரையச் சொன்னால் அந்தப் பயிற்சியும் சேர்ந்தே முடிந்துவிடும். ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு, ஒவ்வொரு பீரியடின் முதல் ஐந்து நிமிடத்தில் புத்தகம் மூடியபடி ஐந்து கேள்வி கேளுங்கள். அதில் மூன்று இன்றைய பாடத்தில் இருந்து, இரண்டு போன மாதப் பாடத்தில் இருந்து. பழையதை இடைவெளி விட்டு நினைவுபடுத்திக்கொண்டே இருந்தால்தான் ஆண்டுத் தேர்வுவரை நிற்கும். இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் பார்த்து எழுதத் தொடங்குவார்கள்.

13. வேறு பாடத்துக்கு எடுத்துப்போகும்போது

வரிசை அதேதான், கேள்வியும் சான்றும் மாறும். உத்திரமேரூர்க் குடவோலை முறை என்றால், கல்வெட்டில் வேட்பாளருக்குச் சொல்லப்பட்ட தகுதிகளை அட்டையில் எழுதிக் கொடுங்கள்: வயது 35 முதல் 70 வரை, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல், சொந்த மனையில் வீடு. "இந்த விதிப்படி ஊரில் யாரெல்லாம் போட்டியிட முடியாது?" என்று கேட்டால், சும்மா பெருமையாகச் சொல்லிவிட்டுப் போகிற பாடம் வேறு ஆழத்துக்குப் போகும். கீழடி, கொடுமணல் என்றால் பானையோட்டில் கீறிய பெயர்கள் இருக்கின்றன. மன்னர் அல்லாதவரும் எழுதினார்களா என்ற கேள்விக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

உங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறதா என்று தேடுங்கள். ஏரிக்கரை நடுகல், பழைய கல்லறை, மதகில் பொறித்த ஆண்டு, யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும் பழைய கிரயப் பத்திரம் எதுவானாலும் சரி. வேலூருக்குப் பக்கத்துப் பள்ளி என்றால் கோட்டைக்கே கூட்டிப்போகலாம். ஆனால் சுற்றுலாவாகப் போகாமல், அட்டைகளைப் படித்து முடித்த பிறகு, கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். முன்னால் போனால் அகழியையும் மதிலையும் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். பின்னால் போனால் எந்த வாசல் வழியாகக் குதிரைப்படை வந்திருக்கும் என்று தேடுவார்கள்.

பாடம் முடிந்த அன்றே அட்டைகளை ஒரு கவரில் போட்டு, எந்த அட்டை புரியவில்லை, எந்தக் கேள்விக்கு வகுப்பு அமைதியானது, எங்கே நேரம் போதவில்லை என்று கவரின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் இதே பாடத்துக்கு உங்களுக்குத் தயாரிப்பு வேலை பாதியாகக் குறையும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் கேட்டால் அப்படியே எடுத்துக் கொடுக்கவும் முடியும்.